ஒரு பாடல் விட்டு ஒரு பாடல்

இன்டர்காமை இப்போதே எடுக்க வேண்டாம், ஐயா. முந்நூற்று நான்காம் எண் வீடு என்றுதான் சொன்னேன். உடனே கூப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. அவர் வீட்டில்தான் இருக்கிறாரா? காலையில் பால்கனியில் துண்டு உலர்த்தியதைப் பார்த்தீர்களா? நல்லது. மெலிந்திருக்கிறாரா? அதைக் கவனிக்கவில்லையா? சரி, உங்களுக்கு ஆயிரம் வேலை.

இந்தக் காவலறை நாற்காலியில் சற்று அமர்ந்துகொள்ளலாமா? உங்கள் பெயர்? சூசைராஜ். நல்லது. நான் சட்டநாதன். ஊர் மயிலாடுதுறை. சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பத்திரங்களைச் சரிபார்த்தவன். வடக்கெல்லை தெற்கெல்லை என்று படித்துப் படித்து, ஒரு சொல் இடம் மாறியிருந்தாலும் கண் நேரே அங்கே போய் நிற்கும். அதை அலுவலகத்தில் திறமை என்றார்கள். வீட்டில் என் மனைவி வேறு பெயர் சொன்னாள். அவள் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

என் பேச்சு உங்களுக்குப் புதிதாக இருக்கிறது போலும். பதிகமும் உரையுமாகவே படித்த வாய். வேறு விதமாக வராது. மேலே இருக்கிறாரே மாசிலாமணி, அவர் அடிக்கடி சொல்வார்: “ஓய், உம்மகிட்ட ஒரு டீ சொல்லுமேன்னா செப்பேடு வெட்டிக் கையில குடுப்பீரு.” எனக்குக் கோபம் வராது. வந்தாலும் காட்டமாட்டேன்.

எங்கள் ஊரில் பதினொருவர் கூடிப் பதிகம் ஓதும் குழு ஒன்று இருந்தது. மாதந்தோறும் திருவாதிரை நாளில், மாலை ஐந்து மணிக்கு, என் வீட்டுக் கூடத்தில். ஒருவர் பதிகம் முழுவதையும் ஓதுவார், மற்றவர்கள் கேட்பார்கள். அடுத்த மாதம் அடுத்தவர். புத்தகத்தைத் திறக்கக்கூடாது. விளக்கேற்றி நீறு பூசிக்கொண்டால், கடைசிப் பாடல் முடியும்வரை பதிகச் சொல்லைத் தவிர வேறு சொல் யார் வாயிலும் வரக்கூடாது. இவையெல்லாம் நான் வகுத்த நியமங்கள். கடைசியாகச் சொன்ன நியமத்தை மாசிலாமணிக்காகவே வகுத்தேன். அவர் மின்வாரியத்தில் இருந்தவர். விளக்கு ஒரு நொடி மங்கினால் போதும், ஓதுகிறவரை நிறுத்திவிட்டு, “ஒரு ஃபேஸ் போச்சு ஓய், அடுத்த தெருவுக்கும் போயிருக்கும் பாரும்” என்பார். கூட்டமே சிரிக்கும். நியமம் வந்தபின் அடங்கினார். அதன் பிறகு ஒரு தடவைகூட அவர் அதை மீறியதில்லை. அதை நான் மனத்தில் வைத்திருந்திருக்க வேண்டும்.

பதினொருவரில் நால்வர் இறைவனடி சேர்ந்தார்கள். மூவர் பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். இருவர் முழங்கால் வலி என்றார்கள். “முழங்கால் எல்லாம் இல்லய்யா, உம்ம திருத்தத்துக்குப் பயந்து நின்னுட்டானுவ” என்றார் மாசிலாமணி. வேடிக்கைக்குச் சொன்னார் என்றே எடுத்துக்கொண்டேன். ஆக, நாங்கள் இருவர் எஞ்சினோம். இருவரே ஐந்து ஆண்டுகள் ஓதினோம். ஒரு மாதம் அவர் ஓத நான் கேட்பேன். மறு மாதம் நான் ஓத அவர் கேட்பார்.

சென்ற ஆண்டு அவருடைய மகள் வந்து அவரைத் திருச்சிக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். முதுகெலும்பில் தேய்மானம், பேருந்துப் பயணம் கூடாதென்று மருத்துவர் சொல்லியிருந்தார். புறப்படும் அன்று சொன்னார்: “வருத்தப்படாதீரும். ஆதிரைக்கு ஆதிரை நான் ஓதி, மாப்பிள்ளை போன்ல வீடியோ எடுத்து, பென்டிரைவ்ல போட்டுக் கூரியர்ல அனுப்புறேன். உம்ம கம்ப்யூட்டர்ல பாரும்.” நான் வருந்தவில்லை என்று சொன்னேன். எனக்குப் படிக்க நூல்கள் உண்டு. தனிமை என்பது வேலையற்றவர்களுக்கு வருவது.

என்னிடம் கணினி இருக்கிறது, ஐயா. பதினைந்து ஆண்டுகள் பழையது. ஓய்வுபெற்றபின் நானே தட்டச்சு செய்து பழகினேன். கைபேசி மட்டும் பொத்தான் உள்ளது. கணினி அறிந்த கிழவர் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். அந்தப் பெருமை எனக்கு இருந்தது, மறைப்பதற்கில்லை.

முதல் பென்டிரைவ் வந்தது. ஆதிரையன்று நீராடி, விளக்கேற்றி, கணினியின் முன் பாய் விரித்து அமர்ந்தேன். கோப்பைத் திறந்தேன். குரல் வந்தது. அதே கரகரப்பு, பாடலின் முதல் சொல்லை இரண்டு விரல் உயரத்தில் எடுத்துப் பிடிக்கும் அதே பழக்கம். ஆனால் திரை கறுப்பு. முழுக் கறுப்பு.

கோப்பின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தன. எனக்குப் பழக்கமில்லாத எழுத்துகள். எம்.பி. நான்கு என்றிருந்தால் எதிலும் ஓடும் என்று எங்கோ கேட்ட நினைவு. ஆகவே அந்த எழுத்துகளை அழித்து, எம்.பி. நான்கு என்று திருத்தினேன். பத்திரத்தில் பெயர் திருத்துவதைப்போல. கணினி ஏதோ எச்சரிக்கை காட்டியது. ஆம் என்று அழுத்தினேன். மறுபடி திறந்தேன். மறுபடியும் குரல் தெளிவாக வந்தது, திரை கறுப்பு. பெயரும் சரியாகிவிட்டது, ஒலியும் சரியாக இருக்கிறது, எனவே என் கணினியில் பழுதில்லை. அவர்தான் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் அமர்ந்து ஓதியிருக்கிறார் என்று தீர்மானித்தேன்.

ஏன் இருட்டில் ஓதவேண்டும்? காரணமும் கிடைத்தது. முதற்பாடலை ஓதினார். நின்றார். ஒரு நிமிடத்துக்கும் மேல் மௌனம். பிறகு மூன்றாம் பாடலை எடுத்தார். இரண்டாம் பாடல் இல்லை! மறுபடி மௌனம். அடுத்து ஐந்தாம் பாடல். இப்படியே ஒரு பாடல் விட்டு ஒரு பாடல், பதினோராம் பாடல்வரை. ஐந்து பாடல்கள் அவருக்கு மறந்துபோயிருந்தன.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? இல்லையா? சிரித்ததுபோல் இருந்தது. பரவாயில்லை.

அது மறதி நோய் என்றே நம்பினேன். மறதி சிலருக்கு ஓர் ஒழுங்கோடு வரும் என்று வார இதழ் ஒன்றில் படித்திருந்தேன். மறந்த வெட்கத்தால் முகம் காட்டாமல் இருட்டில் அமர்ந்திருக்கிறார், பாவம். மறுநாள் அவர் தொலைபேசியில் அழைத்தார்.

“பாத்தீரா ஓய்?”

“பார்த்தேன்.”

“முழுசாப் பாத்தீரா? ஆரம்பத்துலேர்ந்து?”

“ஆரம்பம் முதல் இறுதிவரை பார்த்தேன்.”

“எப்படி? சேந்து வந்துச்சா?”

“நன்றாகவே இருந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளும்.”

“சரி, அடுத்த ஆதிரைக்கு அனுப்புறேன்” என்று வைத்துவிட்டார். திரை கறுப்பாக இருந்ததை நான் சொல்லவில்லை. சொன்னால் அவருடைய வெட்கத்தைக் குத்திக்காட்டியதாகும் என்று கருதினேன். என் பெருந்தன்மையை எண்ணி அன்று நானே நெகிழ்ந்தேன் என்றால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? ஆம், நெகிழ்ந்தேன். கணினி அறிந்தவன் என்ற பெயருக்குப் பழுது வந்துவிடுமோ என்ற அச்சமும் அந்தப் பெருந்தன்மைக்குள் சிறிது இருந்தது. சிறிதுதான்.

இரண்டாம் பென்டிரைவ் வந்தது. மூன்றாவதும் வந்தது. இரண்டிலும் வேறு வேறு பதிகங்கள், அதே கறுப்பு, அதே மறதி. மூன்று பதிகங்களில் பதினைந்து பாடல்கள். ஒரு நண்பன் இப்படிக் கரைந்துபோவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? விட்டுப்போன பதினைந்து பாடல்களையும் நல்ல தாளில், பெரிய எழுத்தில், சொல் பிரித்து எழுதினேன். இரண்டு நாள் பிடித்தது. மேலே ஒரு குறிப்பும் எழுதினேன்: “அன்பருக்கு, தாங்கள் தொடர்ந்து விடுகின்ற பாடல்களை இத்துடன் இணைத்துள்ளேன். இனிப் புத்தகத்தைப் பார்த்தே ஓதலாம். நியமத்தைத் தங்களுக்கு மட்டும் தளர்த்துகிறேன். வயதானால் இது இயல்பு. வெட்கப்பட வேண்டாம்.” அஞ்சலில் சேர்த்தேன்.

நான்கு நாள் கழித்து அவர் அழைத்தார். எப்போதும் சொல்லும் ‘ஓய்’ அன்று இல்லை.

“உங்க கடுதாசி வந்துச்சுங்க சட்டநாதன். மூணையும் பாத்துட்டுத்தான் எழுதுனீங்களா?”

“மூன்றையும் இருமுறை பார்த்தேன்.”

“அப்ப சரிங்க. இனிமே உங்களுக்குத் தொந்தரவு குடுக்கல.”

அவ்வளவுதான். முப்பது ஆண்டுப் பழக்கத்தில் அவர் என்னை ‘ங்க’ போட்டுப் பேசிய முதல் நாள் அது. அடுத்த ஆதிரைக்குக் கூரியர் வரவில்லை. நான் அழைத்தேன், மகள் எடுத்தாள். “அப்பா தூங்குறாங்க மாமா.” மறுவாரம், “அப்பா நடக்கப் போயிருக்காங்க மாமா.” பிறகு ஒரு நாள், “மாமா, நான் சொன்னேன்னு வச்சிக்காதீங்க, அவுங்க பேசமாட்டேங்குறாங்க.” மறந்தவனிடம் மறந்ததைச் சொன்னால் கோபம் வரும், நோயின் குணம் அது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். எட்டு ஆதிரை போயிற்று. மூன்று மணி நேரப் பேருந்துத் தொலைவு, ஐயா, மயிலாடுதுறைக்கும் இந்த வாயிலுக்கும். எட்டு மாதம் அதை நான் கடக்கவில்லை. தவறு செய்தவர் அல்லவா முதலில் வரவேண்டும் என்று இருந்தேன்.

அந்த எட்டு மாதமும் நான் என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். அந்த மூன்று பதிவுகளையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆதிரையன்று மட்டும் அல்ல. காலையில் கஞ்சி காய்ச்சும்போது ஒன்று. மாலையில் ஒன்று. வீட்டில் ஒரு குரல் இருக்கட்டும் என்று. மௌனம் வரும் இடங்களில் எழுந்துபோய் வேறு வேலை பார்ப்பேன். அடுத்த பாடல் வரும்போது வந்து அமர்வேன்.

சென்ற வாரம் கணினியில் காற்றாடி ஓசையிட்டது. கடைத்தெருவில் சுலைகா என்ற அம்மையார் கணினி பழுது பார்க்கிறார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். காற்றாடியை மாற்றிவிட்டு, எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கத் திரையிலிருந்த கோப்பு ஒன்றைத் தட்டினார். மாசிலாமணியின் குரல் வந்தது.

“என்ன சார், படம் வரலியே?”

“படம் இல்லை அம்மா. இருட்டில் எடுத்தது.”

“இருட்டுல எடுத்தா இம்மாம் பெரிய சைஸு வராது சார். உள்ள படம் இருக்கு. உங்க சிஸ்டத்துக்குப் பிரிக்கத் தெரியல.”

கோப்பு எம்.பி. நான்குதானே, நானே திருத்தினேனே என்றேன். அந்த அம்மையார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! “டப்பா மேல சீனின்னு சீட்டு ஒட்டிட்டா உள்ள இருக்க உப்பு இனிச்சிருமா சார்? எம்பி ஃபோருங்குறது டப்பா. வெறும் டப்பா. உள்ள படத்த ஒரு மாதிரி சுருட்டி வச்சிருப்பாங்க, சத்தத்த வேற மாதிரி சுருட்டி வச்சிருப்பாங்க. சுருட்டுற முறைக்குப் பேருதான் கோடெக்கு. அதே முறை தெரிஞ்சாத்தான் பிரிக்க முடியும். உங்க மெஷினுக்குச் சத்தத்தப் பிரிக்கத் தெரியுது, படத்தப் பிரிக்கத் தெரியல. புது போன்ல எல்லாம் புது முறையில சுருட்டுறான் சார், எடம் கம்மியா ஆவும்னு. இது வந்த காலத்துல அந்த முறையே கெடையாது.”

ஒரு வடிவத்துக்குள் இரண்டு பொருள். ஒன்று திறக்கிறது, ஒன்று திறக்கவில்லை. திறந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, திறக்காதது இல்லை என்று இத்தனை மாதமும் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

எல்லா முறையும் அறிந்த இலவச பிளேயர் ஒன்றை ஏற்றினார். திரையில் வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் திக்கியது. உருவம் அசையாமல் நிற்க, குரல் முன்னே ஓடியது. பிறகு உருவம் துண்டு துண்டாகத் துள்ளியது. “பிரிக்கக் கத்துக் குடுத்துட்டேன் சார், ஆனா இதுக்குத் தெம்பு பத்தல. புது மெஷின்ல இதுக்குன்னே தனி சிப்பு இருக்கும். இது பாவம், எல்லாத்தையும் கையாலயே பிரிக்குது. பழைய முறைக்கு மாத்திக் குடுக்குறேன், தடையில்லாம ஓடும். சைஸு பெருசாவும், கொஞ்சம் நேரமும் ஆவும். ஒரிஜினல அழிச்சிறாதீங்க. மாத்த மாத்தக் கொஞ்சம் கொஞ்சம் கொறையும்.” நான் காத்திருக்கிறேன் என்றேன். அவருடைய கடையில் ஒரு முக்காலியில் மூன்று மணி நேரம் அமர்ந்திருந்தேன்.

பிறகு பார்த்தேன்.

விளக்கு எரிகிறது, ஐயா. நல்ல வெளிச்சம். மாசிலாமணி வேட்டியும் மேல்துண்டுமாய், நெற்றி நிறைய நீறு பூசி, மணையில் அமர்ந்திருக்கிறார். முதற்பாடலைத் தொடங்கும் முன்பு, நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எதையோ எழுதி, அதை மார்புக்கு நேரே பிடித்துக் காட்டுகிறார். வாய் திறக்கவில்லை, விளக்கேற்றியபின் வேறு சொல் சொல்லக்கூடாதல்லவா? என் நியமம் அல்லவா அது? சுலைகா அம்மையார் உரக்கப் படித்தார்: “ஒற்றைப்படை எனக்கு. இரட்டைப்படை உமக்கு. இடம் விட்டிருக்கிறேன். சேர்ந்து ஓதுவோம்.”

அவருக்குப் பக்கத்தில் இன்னொரு மணை போட்டிருக்கிறது. அதன்மேல் யாரும் இல்லை. எதிரே ஒரு சிறு தட்டில் நீறு. முதற்பாடல் முடிந்ததும் அந்த வெறும் மணையின் பக்கம் கையை நீட்டுகிறார். நீர் எடும் என்பதுபோல. பிறகு தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்கிறார். ஆம், கேட்கிறார். தலையை ஆட்டிக் கேட்கிறார். ஆறாம் பாடலில் நான் இரண்டு இடத்தில் மூச்சு வாங்குவேன். அங்கே மௌனம் மற்றவற்றைவிட நீளமாக இருந்ததை முன்பே குறித்து வைத்திருந்தேன். மறதி அங்கே முற்றியிருக்கிறது என்று பக்கத்தில் எழுதியும் வைத்திருந்தேன். அவர் என் மூச்சுக்குக் காத்திருந்தார், ஐயா. இரண்டு தடவையும் தாளத்தை நிறுத்திக் காத்திருந்தார். இரண்டாம் தடவை மட்டும் இலேசாகச் சிரித்தார்.

“சார், அவரு உங்களத்தான கூப்புடுறாரு? நீங்க பாடுங்க சார்” என்றார் அந்த அம்மையார். எட்டாம் பாடலுக்கான இடம் அது. எனக்குத் தெரியாத பாடலா? வாயைத் திறந்தேன். நான் தொண்டையைச் சரிசெய்து முடிப்பதற்குள் அவர் ஒன்பதாம் பாடலை எடுத்துவிட்டார்.

இப்போது தெரிகிறதா, ஐயா, அவர் ஏன் ‘முழுசாப் பாத்தீரா’ என்று கேட்டார் என்று? ‘சேந்து வந்துச்சா’ என்றால் என்னவென்று? முழுக்கப் பார்த்தேன் என்று மூன்று முறை சொன்னவன் நான். தாளில் எழுதிக் காட்டியதையும் பார்த்துவிட்டு, போட்ட மணையையும் பார்த்துவிட்டு, வரமாட்டேன் என்பதற்கு அடையாளமாக, அவர் எனக்கென்று விட்ட பாடல்களையே பிழையென்று எண்ணி எழுதி அனுப்பியிருக்கிறேன் என்றல்லவா அவருக்குத் தோன்றியிருக்கும்? நியமத்தைத் தளர்த்துகிறேன் என்று வேறு எழுதினேன்.

பதிலுக்கு நானும் ஒரு பதிவு செய்து அனுப்பலாம் என்று சுலைகா அம்மையார் சொன்னார். எந்தப் பெட்டியிலும் திறக்கும்படி மாற்றித் தருகிறேன் என்றும் சொன்னார். வேண்டாம் என்றேன். அந்த மணை இன்னும் அங்கே இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தால் அதில் போய் அமர வேண்டியது என் உடம்பு அல்லவா? அதனால் வந்தேன். வழியெல்லாம் மன்னிப்புக் கடிதம் ஒன்றை மனத்துக்குள் எழுதித் திருத்திக்கொண்டே வந்தேன். வல்லம் வரும்போது நன்றாக இருந்தது. இப்போது ஒரு வரிகூட நினைவில்லை.

சரி. எடுங்கள். கூப்பிடுங்கள். மயிலாடுதுறையிலிருந்து சட்டநாதன் என்று சொல்லுங்கள்.

கேட்டது, ஐயா. நீங்கள் சங்கடப்பட வேண்டாம். வீட்டில் இல்லையென்று சொல் என்கிறார். அவர் குரலிலேயே சொல்கிறார். வைத்துவிடாதீர்கள். ஒன்று மட்டும் சொல்லுங்கள். ‘பார்த்தேன் என்று சொன்னது பொய். அவருடைய கணினியில் படமே வரவில்லை. முதல்முறையாகச் சென்ற வாரம்தான் பார்த்தார்.’ அப்படியே சொல்லுங்கள். பொய் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

என்ன சொல்கிறார்? ஒன்றும் சொல்லவில்லையா? வைத்துவிட்டாரா? வைக்கவில்லை என்றால் நீங்களும் வைக்காதீர்கள். எத்தனை நேரமானாலும் பிடித்துக்கொண்டிருங்கள். உங்கள் கை வலித்தால் நான் பிடிக்கிறேன்.

இப்போது? என்ன கேட்கிறார்? லிஃப்ட் ஓடவில்லையா? மூன்று மாடி ஏறிவிடுவாரா அந்த ஆள் என்று கேட்கிறாரா?

ஏறிவிடுவேன் என்று சொல்லுங்கள். இல்லை, பொறுங்கள். ஏற முடியாது என்று சொல்லுங்கள். வலது முழங்கால் ஆறு மாதமாக மடங்கவில்லை. அதை யாரிடமும் சொன்னதில்லை. இடையில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருக்கும் என்று சொல்லுங்கள். நேரமாகும் என்று சொல்லுங்கள்.

வருகிறேன் என்றும் சொல்லுங்கள்.